எங்கள் வீட்டில் வேலை கிடைக்காத பிள்ளை

ஓ-பேர் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஓர் இளம்பிள்ளை வரும். உங்கள் வீட்டிலேயே தங்கி உங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அதற்கு ஓர் அறையும் சாப்பாடும் கைச்செலவுக்குக் காசும் கொடுக்க வேண்டும். ஆனால் அது வேலைக்காரி இல்லை, குடும்பத்தில் ஒருத்தி. இவ்வளவையும் நான் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தபோது என் நண்பன் ஒருவன் சொன்னான்.

"அப்ப மருமகள் எண்டு சொல்லன்."

"மருமகளுக்கு ஆரடா கைச்செலவுக்குக் காசு குடுக்கிறது?"

அவன் யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான்" என்றான்.

எங்களுக்கு அப்படி ஒருத்தி தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. மகள் பிறந்ததற்காக எடுத்த லீவு ஜனவரியில் முடிகிறது. அவள் திரும்பிப் போகாவிட்டால், வருடக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த வார்டு இன்னொருவருக்குப் போய்விடும். மகனுக்கு நாலு வயது. மகள் அப்போதுதான் தவழத் தொடங்கி, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுத் தரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாவில் நாங்கள் வசிக்கிற கிரான்பர்னில் உள்ள குழந்தைக் காப்பகங்களில் எல்லாம் பெயர் பதிந்திருந்தோம். அவர்கள் பதில் சொன்ன விதத்தைப் பார்த்தால் மகள் பல்கலைக்கழகம் போகிற காலத்தில் இடம் கிடைக்கும் போலிருந்தது. ஆகவே ஒரு முகவர் நிலையம் மூலம் ஜெர்மனியிலிருந்து பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தோம். அவள் அனுப்பிய படத்தில் அவளுடைய தோளிலும் முதுகிலுமாகக் குழந்தைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அதுவே போதும்.

எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தோம். அறைக்கு நான் என் கையாலேயே பெயின்ட் அடித்தேன், யன்னல் கண்ணாடியும் சேர்த்து. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வெளியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்குகிற ஆள், எங்களுடைய அகராதியில், விருந்தாளி. விருந்தாளி வீட்டில் ஒரு தேக்கரண்டியைக்கூட நகர்த்தக் கூடாது.

ஜெர்மன் பிள்ளை வந்த முதல் நாள் காலை வெள்ளென எழும்பி, பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு செய்யக் குசினிக்கு வந்தாள். அங்கே மனைவி பிட்டு அவித்து முடித்திருந்தாள். அடுத்த நாள் அவள் இன்னும் வெள்ளென எழும்பினாள். மனைவி அதற்கும் முதல் எழும்பினாள். இப்படியே போய், ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு கிட்டத்தட்ட இரவுச் சாப்பாடாக மாறியிருந்தது. அவள் தட்டைக் கழுவ எடுத்தால் மனைவி மறுபக்கத்தைப் பிடிப்பாள். இருவரும் புன்னகை மாறாமல் தட்டை இழுப்பார்கள். வென்றது எப்போதும் மனைவிதான். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை.

சாப்பாட்டு மேசை இன்னும் மோசம். விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டுக்காரர் உட்கார மாட்டோம். பக்கத்தில் நின்று பரிமாறுவோம். அவளுடைய ஊரிலோ எல்லோரும் உட்காரும்வரை ஒருவரும் கரண்டியைத் தொட மாட்டார்களாம். அவள் நாங்கள் உட்காரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் அவள் சாப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்போம். நடுவில் கறி ஆறிக்கொண்டிருக்கும். மகன் மட்டும் இந்த இழுபறிக்குள் எல்லா அப்பளத்தையும் தின்று முடித்துவிடுவான். கடைசியில் அவள் தோற்றுப்போய் ஒரு வாய் வைப்பாள். உடனே மனைவி இன்னொரு அகப்பை சோறு போடுவாள். போதும் என்பதற்கு நாங்கள் சொல்கிற "காணும்" என்ற சொல்லை அவள் வந்த கிழமையே கற்றுக்கொண்டாள். பாவம், அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு மதிப்பும் இல்லை என்பதையும் அதே கிழமை கற்றுக்கொண்டாள்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்த பிள்ளை களைத்துப்போகக் கூடாது என்று, பிள்ளைகளைப் பார்க்க நான் அலுவலகத்தில் லீவு எடுத்தேன்.

"எதற்கு லீவு?" என்று மேலாளர் கேட்டார்.

"எங்கள் ஓ-பேர் வந்துவிட்டாள்."

"அப்படியென்றால் இனி நீ லீவு எடுக்கத் தேவையில்லை என்றல்லவா அர்த்தம்?"

நான் கிளேட்டனில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவன். இருந்தும் அந்தக் கணக்கு எனக்கு ஓடவில்லை. லீவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் நான் பின்னால் குடையும் தண்ணீர்ப் போத்தலும் ஒரு மடக்குக் கதிரையும் கொண்டு போனேன். பூங்காவில் இருந்த மற்றத் தாய்மார் அவளை ஏதோ நாட்டு இளவரசி என்று நினைத்திருப்பார்கள். என்னை என்னவென்று நினைத்தார்களோ தெரியாது.

டிசம்பர் நடுவில் முகவர் நிலையத்துப் பெண்மணி போன் எடுத்தார். இப்படி வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் புது வீட்டில் பழகிக்கொள்கிறார்களா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. குரல் தேன் மாதிரி இருக்கும். சொல்கிற விஷயம் கசக்கும்.

"அவள் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டுக்குத் தான் தேவையில்லை என்கிறாள். பிள்ளைகளைத் தன்னிடம் விட உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று நினைக்கிறாள்."

கிறிஸ்மஸ் முடிந்ததும் நேரில் வந்து பேசுவாராம். அப்போதும் அவள் மனம் மாறாவிட்டால் சிட்னியில் ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிடுவாராம். "விடுமுறைக் காலம் இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டமான காலம். உங்கள் கொண்டாட்டத்தில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கடைசியாக ஒரு புத்தியும் சொன்னார்.

மனைவி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "அவள் போனா என்ர வேலை போச்சு. எங்களில என்னப்பா குறை? என்ர சொந்தத் தங்கச்சிக்குக்கூட நான் இப்பிடிச் செய்யேல்லை."

"அதுதான் பிரச்சினை போலக் கிடக்கு. நீர் ஒருக்கா அவளிட்டத் தட்டைக் கழுவு எண்டு சொல்லிப் பாருமன்."

"வீட்டுக்கு வந்த பிள்ளையிட்ட எப்பிடிச் சொல்லுறது? வாய் வருகுதில்லை."

இவள் வார்டில் பெரிய டொக்டரையே கை கழுவிவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறவள். சரி, வேலை கொடுக்கத்தான் எங்களுக்கு வராது, கிறிஸ்மஸ் கொண்டாட்டத்தையாவது கொடுப்போம் என்று நான் முடிவெடுத்தேன்.

"நாங்கள் எப்பயப்பா நத்தார் கொண்டாடினனாங்கள்?" என்றாள் மனைவி.

"இத்தனை வருசமா சூப்பர்மார்க்கெட்டில பாக்கிறன்தானே. எல்லாம் எனக்குத் தெரியும்."

அன்று பின்னேரமே அவளை இருத்தி, ஆஸ்திரேலியக் கிறிஸ்மஸ் என்றால் என்ன என்று வகுப்பு எடுத்தேன். இங்கே கிறிஸ்மஸுக்குப் பனி இல்லை, வெயில். இறால் சாப்பிட வேண்டும். காகிதக் கிரீடம் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். அடுத்த நாள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நித்திரை கொள்ள வேண்டும். கடற்கரையில் மஞ்சளும் சிவப்புமான கொடிகளுக்கு இடையில்தான் நீந்த வேண்டும். எனக்கு நீந்தத் தெரியாது என்பது வகுப்பில் வரவில்லை. அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, "இதில் நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

"நீ ஒன்றும் செய்யாதே. இது உனக்காக."

அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். வீட்டு ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்மஸ் மரம் வளர்த்து விற்கிற தோட்டத்துக்குப் போய் உண்மையான பைன் மரம் ஒன்றை வெட்டுவித்து, கார்க் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன். நான் கட்டிய விதத்தில், கிரான்பர்ன் வந்து சேரும்போது மரம் காரின் முன்கண்ணாடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் அதற்கு இருந்த ஒரே இடம் சாமித்தட்டுக்குப் பக்கத்தில். நட்டு நிமிர்வதற்குள் மனைவி சந்தனத்தோடு வந்தாள். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், அது காரோ குளிர்சாதனப் பெட்டியோ, ஒரு பொட்டு வைக்காமல் பாவிக்க மாட்டோம். மரத்துக்கும் பொட்டு வைத்தாள். பக்கத்தில் ஒரு குத்துவிளக்கும் வந்தது. மின்விளக்குச் சரம் தனி. மரம் பார்க்க வந்த பின் வீட்டுத் தமிழ்க் குடும்பம் வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்து லேசாகக் கும்பிட்டுவிட்டும் போனது.

மகன் தினமும் பின்னேரம் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறவன். மரம் வந்ததும் பிள்ளையாரை அது பாதி மறைத்துவிட்டதால், அவன் மரத்துக்குப் போடத் தொடங்கினான். அவள் இதைச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நின்று என்னிடம் கேட்டாள்.

"எத்தனை தடவை?"

திருத்திச் சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படி இல்லை. "பெரியவர்களுக்கு மூன்று போதும்" என்றேன்.

அவள் காதைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்மஸ் மரத்தின் முன் மூன்று தோப்புக்கரணம் போட்டாள். மகன் கையை மாற்றிப் பிடிக்கச் சொல்லித் திருத்தினான். அதை வீடியோவாக எடுத்துத் தாய்க்கு அனுப்பினாள். இதற்கு என்ன அர்த்தம் என்று தாய் ஜெர்மனியிலிருந்து கேட்டார். முழங்காலுக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மரத்தில் தொங்கவிடுகிற பந்துப் பெட்டியை அவள் எடுத்தபோது, மனைவி ஓடிவந்து அதை வாங்கிவிட்டு, கையில் ஒரு கிளாஸ் மாம்பழச் சாறு கொடுத்தாள். அவள் கிளாஸோடு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"நான் என்ன பிழை செய்தேன்?"

"ஒன்றும் இல்லையே. நீ எங்கள் விருந்தாளி."

"எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு வேலையும் கொடுக்காவிட்டால், அவர் எப்போது போவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசை.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மனைவியின் அக்கா சிட்னியிலிருந்து காரில் வந்து சேர்ந்தார். அவர் கணக்காளர். அது சம்பளத்துக்காக. அவருடைய உண்மையான தொழில் மற்றவர்களுக்கு வேலை பிரிப்பது. கணவர் கார்க் கதவைத் திறக்கும்போதே இரண்டு பைகள் அவர் கையில் ஏறியிருந்தன. நான் வரவேற்கக் கையை நீட்டினேன். அதில் குளிர்ப்பெட்டி வந்து விழுந்தது. கிறிஸ்மஸ் காலை, நான் சந்தையிலிருந்து பெட்டியோடு வாங்கி வந்த இறாலைப் பார்த்து, "தம்பி, கலியாண வீடோ?" என்றார். பிறகு குசினியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையில், கதிரையில், கையில் பழச்சாறோடு எங்கள் ஜெர்மன் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கிளாஸில் நான் ஒரு சின்னக் காகிதக் குடையும் குத்தி வைத்திருந்தேன்.

"இவவுக்கென்ன, கை சுகமில்லையோ?"

"இல்லை அக்கா, அவள்..." என்று மனைவி தொடங்கினாள்.

"அப்ப ஏன் கலியாணப் பொம்பிளை மாதிரி இருக்கிறா? பிள்ளை, கம் ஹியர். ஹோல்ட் திஸ். தலையைக் கழட்டு. கோதை உரி. முதுகில கறுப்பு நரம்பு இருக்கும், அதை இழு. கெதியா."

அவள் துள்ளி எழுந்தாள். குடை ஒரு பக்கம் விழுந்தது. முதல் இறாலை உரித்துக் காட்டினாள்.

"என்ன இது, கொலை செய்த மாதிரிக் கிடக்கு. பாதி இறைச்சி கோதோட போட்டுது. அகெய்ன்."

இரண்டாவதைக் காட்டினாள்.

"நரம்பு எங்க? ஆர் இழுக்கிறது, உங்கட அம்மாவோ? அகெய்ன்."

மனைவி என்னைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "போச்சு. எல்லாம் போச்சு. அக்கா அந்தப் பிள்ளையை ஏசுறா. அவள் இண்டைக்கே பெட்டி கட்டுவாள்."

சமாதானம் பேச நான் குசினிக்குப் போனேன். அவள் முழங்கை வரை இறால் கோது. மூக்கு நுனியிலும் ஒன்று ஒட்டியிருந்தது. "மன்னித்துக்கொள், அக்காவின் சுபாவம் அப்படி" என்று மெதுவாகச் சொன்னேன்.

"தயவுசெய்து வெளியே போங்கள்" என்றாள். "எனக்கு வேலை இருக்கிறது."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, விமான நிலையத்தில் அவளை முதன்முதலாகப் பார்த்த நாளுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் காகிதக் கிரீடத்தோடு மேசைக்கு வந்தோம். மனைவியும் நானும் வழக்கம்போல நின்றோம். அக்கா எங்களைப் பார்த்து, "என்ன, தேசிய கீதமோ? இருங்கோ ரெண்டு பேரும். பிள்ளை போடட்டும்" என்றார். விருந்தாளி பரிமாற, வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிடுவது. என் வாழ்க்கையில் நடக்காத விஷயம். கதிரையில் இருந்தேன், ஆனால் முழுதாக இருக்கவில்லை. பாதி எழும்பின மாதிரி ஒரு இருப்பு. அவள் இறால் குழம்புச் சட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். ஓர் அகப்பை போட்டாள். நான் "காணும்" என்றேன். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கையைத் தட்டுக்கு மேல் விரித்துப் பிடித்தேன். அவள் கைக்குக் கீழால் அகப்பையை நுழைத்து, "கொஞ்சம், கொஞ்சம்" என்று தமிழில் சொல்லியபடி இன்னொன்று ஊற்றினாள். மனைவிக்கும் அதே நீதி. நாங்கள் இருவரும் மூச்சுவிட முடியாமல் இருந்ததை அவள் மிகுந்த திருப்தியோடு பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். நான் நினைப்பது நடக்கிற குடும்பம் இல்லை இது. அடுத்த நாட்களில் அவள் அக்காவின் நிழலாகத் திரிந்தாள். தேங்காய் துருவினாள். மகளைக் குளிப்பாட்டினாள். தலையைச் சரியாகத் துவட்டவில்லை என்று ஏச்சு வாங்கினாள். அக்கா புறப்படுகிற நாளுக்கு முதல் நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்தப் பிள்ளை இஞ்ச சும்மாதானே இருக்கிறாள். நான் கொண்டு போறன்."

பக்கத்து வீட்டில் இருந்து பிரஷர் குக்கர் இரவல் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"உங்கட பிள்ளையள் வளர்ந்திட்டுதுகளே அக்கா."

"அதுக்கென்ன? வளர்ந்ததுகளைப் பாக்கத்தான் ஆள் வேணும்."

அவளிடம் கேட்டேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கள் இருவரையும் எனக்குப் பிடிக்கும்" என்றாள். "ஆனால் அங்கே நான் தேவைப்படுகிறேன்." முகவர் நிலையத்துப் பெண்மணி மறுநாள் காலை வருவதாக இருந்தது. மாற்றி அனுப்புவது என்றாலும் சிட்னிக்குத்தான் அனுப்பப்போகிறார். அவருக்கு வேலை மிச்சம்.

காலையில் அக்காவின் கார்ப் பெட்டி திறந்திருந்தது. அவருடைய கணவர், எங்கள் அத்தான், சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய சூட்கேஸ் நடையில் நின்றது. அவள் மனைவியிடம் விடைபெறக் குசினிக்கு வந்தாள். மகன் அவள் காலைக் கட்டிப் பிடித்திருந்தான். மனைவி அவளைப் பார்க்கவில்லை. கழுவுதொட்டியில் கிடந்த குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒருமுறை அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது, ஆங்கிலத்தில், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி.

"இந்தச் சட்டி சரியாகக் கழுவப்படவில்லை."



"மன்னிக்கவும்?" என்றாள் பிள்ளை.

"அடி பிடித்திருக்கிறது. ஒருவரும் தேய்க்கவில்லை. நீ தேய்."

அந்தச் சட்டியைக் கழுவியது நான். அதைச் சொல்வதற்கு அது நேரம் இல்லை என்று எனக்குக்கூடப் புரிந்தது. அவள் மனைவியையே பார்த்தாள். மனைவி நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்பதுதான் சரி. அத்தனை கிழமையாக அடைத்து வைத்திருந்தது.

"பிறகு மகளுக்கு நப்பி மாற்று. மகனின் சட்டை இரண்டு நாளாக உள்பக்கம் வெளியே கிடக்கிறது, ஏன் ஒருவரும் பார்க்கவில்லை? துணி காய்ந்துவிட்டது, மழை வரப்போகிறது, இன்னும் எடுக்கவில்லை. ஜனவரியில் நான் வேலைக்குப் போன பிறகும் இப்படித்தான் நிற்கப்போகிறாயா?"

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டாள். சட்டியை எடுத்தாள். மனைவி திரும்பி, யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

வெளியில் ஹோர்ன் சத்தம் கேட்டது. நான் போய், அவள் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஏனாம்?"

"உங்கட தங்கச்சி அவளை ஏசிப்போட்டா."

அக்கா சீட்பெல்டைப் பிடித்தபடி சற்று யோசித்தார். "நல்லா ஏசினவளோ?"

"ஓம் அக்கா. வடிவா."

"அப்ப சரி. போட்டு வாறம்." கார் நகரும்போதே அத்தானுக்கு எந்த வழியால் போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

முகவர் நிலையத்துப் பெண்மணி வந்தபோது பிள்ளையின் இடுப்பில் மகள், கையில் துணிக்கூடை, காலடியில் மகன். உட்கார்ந்து பேசுவோமா என்று அவர் கேட்டார். இப்போது நேரம் இல்லை, நின்றபடியே கேளுங்கள் என்றாள்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நிலைமை முன்னேறியிருக்கிறதா? உன்னை இப்போது நன்றாக நடத்துகிறார்களா?"

"இல்லை" என்றாள் அவள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. "இப்போது மிகவும் மோசம்."

பெண்மணிக்கு என்ன எழுதிக்கொள்வது என்று தெரியவில்லை. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் துணிக்கூடை என் கைக்கு வந்துவிட்டது.